நின்றே சாகும் பெட்டி

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. தினமும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த பைக்குகள் வாசலிலும் மாடிப்படிக்கு அடியிலும் வாரக்கணக்கில் நின்றன. தளர்வு வந்ததும் சாவியைத் திருப்பி செல்ஃப் பட்டனை அழுத்திய பலருக்குக் கிடைத்த பதில், சீட்டுக்கு அடியிலிருந்து 'டிக், டிக், டிக்' என்ற ஓசை மட்டும்தான். மீட்டரில் விளக்கு ஒருமுறை மங்கி அணைந்தது. "வண்டியை எடுக்கவே இல்லையே, பேட்டரி எப்படிப் போகும்?" என்று மெக்கானிக்கைக் கேட்காதவர் குறைவு.

எடுக்காததால்தான் போனது. ஓடித் தேய்ந்து முடியும் பைக் பேட்டரிகளைவிட, சார்ஜ் இறங்கிய நிலையில் சும்மா நின்றே கெட்டுப்போகும் பேட்டரிகள் அதிகம். ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் எந்த பேட்டரி வாங்குவது, எப்படி சார்ஜ் போடுவது, எதை ஊற்றக் கூடாது என்ற கேள்விகளில் பாதிக்குத் தானே விடை வந்துவிடும்.

முதலில் அந்த 'டிக் டிக்'. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஒரு சிறிய பைக்கிலேயே சில பத்து ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். கைப்பிடியில் இருக்கும் சின்ன பட்டன் அதைத் தாங்காது. அதனால் பட்டன் ஒரு ரிலேவை மட்டும் இயக்கும். ரிலே தன் தடித்த முனைகளைச் சேர்த்து மோட்டாருக்கு மின்சாரம் விடும். இறங்கிப்போன பேட்டரியிலும் ரிலேவை இழுக்கும் அளவுக்குத் தெம்பு மிச்சமிருக்கும். ரிலே சேர்ந்ததும் மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சும், வோல்டேஜ் சரியும், ரிலே விட்டுவிடும். சுமை போனதும் வோல்டேஜ் மீண்டும் எழும். பட்டனில் விரல் இன்னும் இருப்பதால் ரிலே மறுபடி இழுக்கும். நொடிக்குப் பலமுறை நடக்கும் இந்த இழுபறிதான் காதில் விழுகிறது. ஆக, அந்த ஓசை கேட்டால் பட்டனும் ரிலேயும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன. பேட்டரியையோ அதன் டெர்மினலையோதான் பார்க்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது 19-ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்தார். மின்சாரம் செலுத்தினால் அது சேமித்தது. கேட்டபோது திருப்பிக் கொடுத்தது. மறுபடி செலுத்தினால் மறுபடி சேமித்தது. தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டிய மின்கலங்களே இருந்த காலத்தில் இது பெரிய விஷயம். அடுத்த ஆண்டே ஒன்பது கலங்கள் கொண்ட பேட்டரியை பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். 1881-இல் காமில் ஃபோர் வெறும் தகட்டுக்குப் பதிலாக ஈயச் சேர்மத்தைப் பசையாக்கித் தகட்டின் மேல் பூசினார். கொள்ளளவு பல மடங்கு ஏறியது. இன்று பைக் சீட்டுக்கு அடியில் இருப்பது அதே பசைத் தகடுதான். பிளாஸ்டிக் உறையும் ஸ்டிக்கரும்தான் புதிது.

பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள். மெக்கானிக்குகள் 'செல்' என்பது இதைத்தான். ஒவ்வொரு செல்லிலும் நேர்முனைத் தகட்டில் பழுப்பு நிற ஈய டை-ஆக்சைடு. எதிர்முனைத் தகட்டில் பஞ்சு போன்ற சாம்பல் நிற ஈயம். இரண்டுக்கும் நடுவே கந்தக அமிலம். மின்சாரத்தை எடுக்கும்போது இரு தகடுகளும் அமிலத்திலிருந்து சல்பேட்டை வாங்கிக்கொண்டு ஒரே பொருளாக, ஈய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் குறைந்து தண்ணீர் மிகுகிறது. சார்ஜ் போட்டால் எல்லாம் தலைகீழாக நடந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஆறுக்கும் சேர்த்து 12.6-க்குச் சற்று மேல்.

இந்த 2.1 வோல்ட்டுக்குப் பின்னால் நம்பக் கடினமான ஒரு கதை உண்டு. தனிம அட்டவணையில் ஈயத்துக்கு நேர்மேலே இருப்பது வெள்ளீயம். வேதியியலில் இரண்டும் நெருங்கிய உறவு. ஆனால் வெள்ளீயத்தை வைத்து இப்படியொரு பேட்டரி ஓடுவதில்லை. ஏன் என்று 2011-இல் ராஜீவ் அஹுஜா, பெக்கா பியூக்கோ முதலானோர் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஈயத்தின் அணுக்கருவில் 82 புரோட்டான்கள் இருக்கின்றன. அந்த இழுப்பில் உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் சுற்றுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகளை ஒதுக்கிவிட முடியாது. கணக்கில் சார்பியலைச் சேர்க்காவிட்டால் ஒரு செல்லின் வோல்டேஜில் 1.7, 1.8 வோல்ட் வரை காணாமல் போகிறது. பன்னிரண்டில் பத்து வோல்ட்! காலையில் செல்ஃப் எடுக்கும் ஒவ்வொரு ஸ்கூட்டருக்குள்ளும் சார்பியல் கோட்பாடு வேலை செய்கிறது என்று சொன்னால் அது மிகையில்லை.

வண்டிக்காரருக்கு அதைவிட முக்கியமானது அந்த ஈய சல்பேட்.

சார்ஜ் இறங்கியவுடன் தகட்டின் மேல் படியும் சல்பேட் மிக நுண்ணிய துகள்களாக இருக்கும். உடனே சார்ஜ் போட்டால் கரைந்து திரும்பிவிடும். அப்படியே விட்டுவைத்தால் சிறு துகள்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்துகொண்டே போகும். கல் போல இறுகிய இந்தப் படிகங்கள் மின்சாரத்தைக் கடத்தாது, சார்ஜ் போட்டாலும் லேசில் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி வேலைக்கு ஆகாமல் போகிறது. சல்பேஷன் என்று பேட்டரிக்காரர்கள் சொல்வது இதுதான். போதாததற்கு, ஈயத்தைவிட ஈய சல்பேட் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இடம் பிடிக்கும். முழுக்க இறங்க விட்டு ஏற்றும் ஒவ்வொரு முறையும் தகடு உப்பிச் சுருங்கி, பூசிய பசை தளர்ந்து உதிர்கிறது.

சரி, வண்டி சும்மா நிற்கும்போது சார்ஜ் எங்கே போகிறது? இரண்டு வழிகள். ஒன்று, பேட்டரி தனக்குள்ளேயே இழப்பது. நல்ல சீல்டு பேட்டரி 25 டிகிரி வெப்பத்தில் மாதம் 3 சதவீதம் போல இழக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இந்த இழப்பு இரட்டிப்பாகும். இன்னொன்று, சாவியை எடுத்த பின்னும் விழித்திருக்கும் சாதனங்கள்: டிஜிட்டல் மீட்டரின் கடிகாரம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யு., திருட்டு அலாரம், பின்னால் மாட்டிய ஜி.பி.எஸ். டிராக்கர். சாவி அணைந்திருக்கும்போது வண்டி 5 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 120 மில்லி ஆம்பியர்-மணி. 4 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடத் தாங்கும், அவ்வளவுதான். தரமில்லாத டிராக்கர் ஒன்று 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் எட்டே நாள். ஊரடங்கு அதைவிட நீண்டது.

ஸ்டார்ட் செய்வதால் பேட்டரி வீணாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 60 ஆம்பியர் வீதம் 2 நொடி எடுத்தாலும் அது ஒரு ஆம்பியர்-மணியில் முப்பதில் ஒரு பங்கு. 4 ஏ.எச். பேட்டரியில் ஒரு சதவீதம்கூட இல்லை. கெடுப்பது அடுத்த கட்டம்: தெருமுனைக் கடைக்குப் போய் வருவது, பள்ளிக்கூட வாசலில் ஐடிலிங்கில் நிற்பது. ஐடிலிங்கில் மேக்னெட் காயில் தரும் மின்சாரம் ஹெட்லைட்டுக்கும் பெட்ரோல் பம்புக்குமே சரியாகப் போகும். பேட்டரிக்கு மிச்சம் இருக்காது. அதோடு, பேட்டரியின் கடைசி இருபது சதவீதம் மிக மெதுவாகத்தான் நிறையும். காலிப் பேருந்தில் முதல் முப்பது பேர் மளமளவென்று ஏறிவிடுவார்கள், கடைசிப் பத்துப் பேர் படிக்கட்டில்தான் நெருக்கியடிப்பார்கள். அதுபோல, தகட்டில் மாறாத சல்பேட் குறையக் குறைய, மிச்சமிருப்பதைத் தேடி அயனிகள் உள்ளே போக நேரம் பிடிக்கிறது. குட்டிக் குட்டிப் பயணங்களாகவே ஓடும் ஸ்கூட்டரின் பேட்டரி ஆண்டு முழுக்க எண்பது சதவீதத்திலேயே இருந்து சல்பேட்டுக்கு இரையாவது இதனால்தான்.

முன்பெல்லாம் இது பெரிய தொல்லையாக இல்லை. கிக்கர் இருந்தது. பழைய நூறு சிசி வண்டிகளில் ஹெட்லைட் மேக்னெட்டிலிருந்து நேராக எரிந்தது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வெளிச்சம் கூடும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் ஹாரனும் இண்டிகேட்டரும்தான் போகும், வண்டி ஓடும். பழைய புல்லட்டில் ஹெட்லைட் உறையின் மேலேயே ஒரு ஆம்ஸ் மீட்டர் இருக்கும். சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முள் காட்டும். அனுபவசாலிகள் கிக்கரை மெல்ல அழுத்தி, பிளாட்டினம் (இக்னிஷன் தொடுமுனை) திறக்கும்போது முள் நடுவுக்கு வருவதைப் பார்த்து, அதன் பிறகே உதைப்பார்கள். பேட்டரியின் நிலையை ஓட்டுநரின் கண்ணெதிரே வைத்த அந்த மீட்டரை இன்றைய வண்டிகள் கைவிட்டது ஒரு இழப்புதான். செல்போனை இணைக்கும் வசதி தரும் மீட்டரில் வோல்டேஜ் காட்ட ஓர் ஓரம் கிடைக்கவில்லையா?

2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிய வேண்டும் என்ற விதி வந்தது. 2020 ஏப்ரல் 1-இல், அதே ஊரடங்கு தொடங்கிய ஒரு வாரத்தில், பி.எஸ்.-6 மாசு விதிகள் அமலாகின. அதற்கு ஈடுகொடுக்க கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பெட்ரோலை அழுத்தத்தில் அனுப்பும் பம்பும், எவ்வளவு தெளிப்பது என்று முடிவு செய்யும் இ.சி.யு.வும் மின்சாரம் இல்லாமல் அசையாது. பல மாடல்களில் கிக்கரையே எடுத்துவிட்டார்கள். இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழைய வித்தையும், பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் இவற்றில் பலிக்காமல் போகலாம். கியரில்லாத ஸ்கூட்டரை எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. அதன் கிளட்ச் இன்ஜின் சுழன்றால்தான் பிடிக்கும்.

எனவே வருமுன் அறிவதே வழி. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சென்னை புதுப்பேட்டையின் கைதேர்ந்த மெக்கானிக்கும் முதலில் எடுப்பது அதைத்தான். வண்டியை ஓட்டி வந்தவுடன் அளக்கக் கூடாது. அப்போது தகட்டின் மேற்பரப்பில் மட்டும் சார்ஜ் நின்று பொய்யான எண்ணைக் காட்டும். சில மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் சாவி போடாமல் அளக்க வேண்டும். 12.7, 12.8 என்றால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0-க்குக் கீழே போய்விட்டால் சல்பேட் படிகங்கள் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருக்கும்.

பிறகு மீட்டரை எடுக்காமல் செல்ஃப் அழுத்திப் பார்க்க வேண்டும். மோட்டார் சுழலும் அந்த நொடியில் எண் சரியும். பத்துக்கு மேல் நின்றால் நல்லது. ஒன்பதரைக்கும் கீழே விழுந்தால், ஓய்வில் 12.7 காட்டினாலும், உள்ளே தகடு பலமிழந்துவிட்டது. மூன்றாவதாக, இன்ஜின் ஓடும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் ஏற்றி அளந்தால் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவே நிற்க வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் மேக்னெட் காயிலிலோ ஆர்.ஆர். யூனிட்டிலோ (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) கோளாறு. 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றாவது அளவை எடுக்காமல் புது பேட்டரி விற்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை. கோளாறு வண்டியில் இருந்தால் புதியதும் சில மாதத்தில் பழையதன் வழியே போகும்.

இன்னொரு எண்ணும் நினைவில் இருக்கட்டும்: 10.5. இரவு முழுக்க சார்ஜ் போட்டும் பேட்டரி அந்த எண்ணிலேயே நிற்கிறது என்றால் ஆறில் ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. 12.6-இலிருந்து 2.1 போனால் மிச்சம் அதுதானே. 'ஒரு செல் போயிடுச்சு' என்று மெக்கானிக் சொன்னால் நம்பலாம். ஆசிட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று அவரே சேர்த்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

சார்ஜ் போடுவதில் பழைய விதி ஒன்று இன்றும் செல்லும்: கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. 4 ஏ.எச். பேட்டரிக்கு 0.4 ஆம்பியர், 9 ஏ.எச். பேட்டரிக்கு 0.9. பைக் பேட்டரியின் ஏ.எச். எண்ணே பொதுவாகப் பத்து மணி நேரத்தில் மெல்ல இறக்கி அளந்ததுதான். வேகமாக இறக்கினால் அவ்வளவு கிடைக்காது என்பதை 1897-லேயே ஜெர்மானியர் பாய்கெர்ட் சமன்பாடாக எழுதிவைத்தார். காலியான பேட்டரிக்குப் பத்து மணி நேரத்தோடு, போகும் இழப்புக்காக இன்னும் இரண்டொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'ஒரு மணி நேரத்தில் சார்ஜ் போட்டுத் தருகிறோம்' என்று சொல்லும் கடையில், கார் பேட்டரிகளுக்கான சார்ஜரில் சின்ன பேட்டரியையும் சேர்த்து மாட்டுவதுண்டு. தொட்டால் சுடுகிற அளவுக்குப் பெட்டி காய்ந்தால் தகடு வளைகிறது, தண்ணீர் ஆவியாகிறது என்று பொருள்.

வீட்டுக்கு ஏற்றது ஒரு ஆம்பியருக்குள் தரும், தானே நிறுத்திக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜர். அது முதலில் நிலையான மின்னோட்டம் தரும். வோல்டேஜ் 14.4-ஐ ஒட்டி ஏறியதும் அதை அங்கேயே பிடித்து வைத்து மின்னோட்டத்தைக் குறைய விடும், நிறைந்தபின் 13.6 அளவுக்கு இறங்கிக் காவல் இருக்கும். சிசிடிவி கேமராவுக்கான 12 வோல்ட் அடாப்டரை மாட்டினால் ஏறாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிறைந்த பேட்டரியே 12.8-இல் நிற்கும்போது 12 வோல்ட்டால் எதைத் தள்ள முடியும்? மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டர் அதற்கு நேர்மாறான ஆபத்து. சார்ஜ் நிறையும் தறுவாயில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்கு அது வெடிக்கும். பூஜை அறைக்குப் பக்கத்திலோ கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலோ சார்ஜ் போடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். சிமெண்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்பது மட்டும் வீண்பயம். இன்றைய பிளாஸ்டிக் உறைக்குள் தரை ஒன்றும் செய்யாது.

மூடி கழற்றும் வகை பேட்டரிகளில், மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே நீர்மட்டம் நிற்க வேண்டும். குறைவது தண்ணீர் மட்டுமே, அமிலம் ஆவியாவதில்லை. ஆகவே ஊற்ற வேண்டியதும் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. ஆசிட் ஊற்றினால் அடர்த்தி ஏறித் தகட்டை அரிக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரைடும் இரும்பும் இருக்கும். இரும்பு ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்குப் போய்வந்து பேட்டரியைத் தானே இறங்க வைக்கும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும் கரைந்த உப்புகள் மிச்சமுண்டு. நம் ஊர்களில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பிறக்கும்போது அது தூய நீர்தான். ஆனால் தூசி படிந்த அலுமினியத் தகடுகள், செம்புக் குழாய் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டுதான் வாளிக்கு வருகிறது. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் விலையை மிச்சம்பிடிக்க இந்த வேலை தேவையில்லை. இன்னொன்று: தகடு வெளியே தெரியாத வரை, சார்ஜ் போட்டு முடித்த பிறகுதான் நிரப்ப வேண்டும். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும். முன்பே நிரப்பினால் பக்கவாட்டுக் குழாய் வழியே ஆசிட் வழிந்து செயினிலும் ஃபிரேமிலும் சொட்டும்.

டெர்மினலில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடியும் கசியும் ஆசிட்டின் வேலைதான். வெந்நீரில் ஆப்பசோடா கலந்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். மூடி கழற்றும் பேட்டரியாக இருந்தால் அந்த நீர் உள்ளே போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து, போல்ட்டை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் போதும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். வண்டியின் ஃபிரேம் முழுக்க மைனஸோடு இணைந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் போல்ட்டில் இருக்கும் ஸ்பேனர் ஃபிரேமைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். விரலில் மோதிரம் இருந்தால் அது நொடியில் பழுக்கும். பேன்டில் தெறித்த ஆசிட் அன்றைக்குத் தெரியாது. இரண்டு சலவைக்குப் பிறகு சல்லடையாகத் தெரியும்.

புதிது வாங்கப் போகும்போது கடைக்காரர் கேட்பது மாடல் பெயரைத்தான், அது சரியே. நீள அகல உயரம், பிளஸ் எந்தப் பக்கம், ஏ.எச். எவ்வளவு — மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பெட்டியில் இடமிருந்தால் ஏ.எச். சற்றுக் கூடுவதில் தவறில்லை, குறையக் கூடாது. ஆனால் பெரிய பேட்டரி போட்டால் கூடுதல் ஃபாக் லைட்டைத் தாங்கும் என்பது தப்புக்கணக்கு. 55 வாட் ஹாலோஜன் இரண்டு போட்டால் ஒன்பது ஆம்பியர். அதைத் தர வேண்டியது மேக்னெட் காயில். காயிலிடம் மிச்சமில்லை என்றால் எத்தனை ஏ.எச். போட்டாலும் இறங்க எடுக்கும் நேரம்தான் கூடும். உறையில் அச்சிட்ட தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும். கடை அலமாரியும் நின்று சாகும் இடம்தான்: ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருந்த சீல்டு பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 12.4-க்குக் கீழே என்றால் வேறொன்று கேட்கலாம். ஆசிட் தனியாக ஊற்றித் தரும் டிரை சார்ஜ்டு வகையென்றால், ஊற்றியவுடன் வண்டியில் மாட்டித் தரச் சம்மதிக்கக் கூடாது. தகடு ஆசிட்டை உறிஞ்ச அரை மணி நேரமாவது விட்டு, பிறகு சில மணி நேரம் மெல்லச் சார்ஜ் போட்ட பின்பே மாட்ட வேண்டும். அந்த முதல் சார்ஜ் கிடைக்காத பேட்டரி வாழ்நாள் முழுக்கக் குறைக் கொள்ளளவிலேயே ஓடும்.

இன்று பெரும்பாலான வண்டிகளில் வருவது கண்ணாடியிழைப் பாயில் ஆசிட்டை உறிஞ்சி வைத்த சீல்டு வகை. நேர்முனையில் பிறக்கும் ஆக்சிஜன் பாய் வழியே எதிர்முனைக்குப் போய் மறுபடி தண்ணீராகிவிடும். அதனால்தான் நிரப்ப வேண்டியதில்லை. அதன் மேல்தகட்டை நெம்பி ஊசியில் தண்ணீர் ஏற்றும் வித்தை சில கடைகளில் நடக்கிறது. அது அந்தச் சுழற்சியையே கெடுக்கும்.

எடை பாதிக்கும் கீழே வேண்டும், செலவு பொருட்டில்லை என்பவர்களுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் வந்திருக்கின்றன. 3.2 வோல்ட் செல்கள் நான்கு சேர்ந்தால் 12.8, ஈய பேட்டரியின் இடத்தில் அப்படியே பொருந்தும் அதிர்ஷ்டம் அந்த எண்ணில் இருக்கிறது. இந்தப் பொருளை மின்முனையாக 1997-இல் அறிவித்தது ஜான் குட்இனஃபின் டெக்சாஸ் ஆய்வகம்; ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அக்ஷய பாதி. அதற்கு அடித்தளமான பாலி-அயனிச் சேர்மங்களை 1980-களில் குட்இனஃபுடன் சேர்ந்து ஆராய்ந்தவர் தென் தமிழகத்தின் அமராபுரத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 2019-இல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவரும் இவரே. லித்தியத்துக்கு சல்பேஷன் கிடையாது, மாதக்கணக்கில் நின்றாலும் இழப்பு சொற்பம். ஆனால் ஈய பேட்டரிக்கான சல்பேட் நீக்கும் சார்ஜரை இதில் மாட்டக் கூடாது, கோளாறான ஆர்.ஆர். யூனிட்டை இது மன்னிக்காது. உறைபனிக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் கெடும். தினசரி அலுவலகம் போய்வரும் வண்டிக்கு இது தேவையில்லாத செலவு.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்குப் போகிறவர்கள் மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் விழித்திருக்கும் சாதனங்களின் வாய் மூடும். மாதத்தில் ஒருநாள் சார்ஜர் போட்டால் சல்பேட் இறுகாது. வெறுமனே ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துவது, எடுத்ததைக்கூடத் திருப்பித் தராது. அதற்கு அரை மணி நேரம் சாலையில் ஓட்டுவதே மேல். வண்டியை நிழலில் நிறுத்தினால் அதுவும் லாபம்: வெப்பம் பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது வேதியியலாளர்களின் தோராயக் கணக்கு. லடாக் போகிறவர்களுக்கு எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கை. நிறைந்த பேட்டரியின் ஆசிட் மைனஸ் அறுபது டிகிரி வரை உறையாது. இறங்கிய பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், மைனஸ் பத்தை ஒட்டியே உறைந்து உறையைப் பிளக்கும்.

எவ்வளவு பேணினாலும் மூன்று, நான்கு ஆண்டில் தகடு முடிந்துவிடும். அந்தப் பழைய பெட்டியில் இருக்கும் ஈயம் மறுபடி உருக்கிப் புதுத் தகடாக்கத் தக்கது. தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் போட்டால் அது சாக்கடையில் ஆசிட்டைக் கொட்டிவிட்டுத் திறந்தவெளியில் உருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரலாம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக யுனிசெஃப், 'பியூர் எர்த்' அமைப்புடன் சேர்ந்து 2020-இல் அறிவித்தது. முறையற்ற பேட்டரி உருக்குதல் அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். பழையதற்குக் கழிக்கும் தொகையை பில்லில் எழுதி வாங்குங்கள்.